ஜெய்லன் ஸ்மித் அன்று இறங்கியிருக்கவே கூடாதா?

கேள்வி: 22 டிசம்பர் 2024

வெள்ளிக்கிழமை அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நோட்டர் டேம் – இந்தியானா பிளேஆஃப் ஆட்டம் (தேசியக் கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) பார்த்தீர்களா? 27-17, ஜெயித்தது சரி. ஆனால் ரைலி மில்ஸ் முழங்கால் போய் வெளியே வந்ததும் எனக்கு ஜெய்லன் ஸ்மித் ஞாபகம் வந்துவிட்டது. அதே கல்லூரி, அதே டிஃபென்ஸ், அதே முழங்கால். மில்ஸுக்காவது பிளேஆஃப், இறங்கித்தான் ஆக வேண்டும். ஜெய்லன் இறங்கியது கோப்பைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புத்தாண்டு ஆட்டம். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஐந்து பேருக்குள் போக வேண்டிய ஆள், ஒரு காட்சிப் போட்டிக்குக் காலைக் கொடுத்தது முட்டாள்தனம் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பதில்: 22 டிசம்பர், இரவு

முட்டாள்தனம் இல்லை. நாளைக்கு வேலை இருக்கிறது, மற்றது அப்புறம்.

23 டிசம்பர்

ஒற்றை வரி போட்டுவிட்டு ஓடியதற்கு மூன்று பேர் திட்டியிருக்கிறீர்கள். சரி, விரிவாகவே வருகிறேன்.

2012 முதல் 2018 வரை நான் இந்தியானாவில் ஃபோர்ட் வேனில் இருந்தேன். ஜெய்லனின் சொந்த ஊர். நான் போய் இறங்கிய புதிதில் ஆபீஸில் காபி எடுக்கப் போனால் அங்கே நிற்பவர்கள் பிஷப் லூயர்ஸ் பள்ளிப் பையன் ஒருவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அப்போது அமெரிக்கக் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்து, நாலு நொடி ஓட்டம், அரை நிமிட ஓய்வு, நடுவில் பீர் விளம்பரம். அவ்வளவுதான். லைன்பேக்கர் என்றால் யார் என்றே அந்தப் பையனைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

புதியவர்களுக்காக: முன்வரிசையில் முட்டிக்கொள்ளும் குண்டர்களுக்கு நாலைந்து கஜம் பின்னால் நிற்பவர் லைன்பேக்கர். எதிரி பந்தோடு ஓடி வந்தால் பாய்ந்து மடக்க வேண்டும். வீசினால் திரும்பி ஓடி, பிடிக்க வருபவனை ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டில் எது நடக்கப்போகிறது என்பதை அரை நொடியில் ஊகிக்க வேண்டும். கபடி பார்ப்பவர்களுக்குச் சொன்னால், கார்னரும் கவரும் ஒரே ஆள், அவரே ஓட்டப் பந்தயக்காரரும்கூட. ஜெய்லன் நூறு கிலோவைத் தாண்டியவர். ஓட்டம் மட்டும் அறுபது கிலோ ஆளுடையது. அதுதான் அவரிடம் அதிசயம்.

பள்ளியில் இருந்தபோதே, 2012-ல், நாட்டின் சிறந்த பள்ளி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. அண்ணன் ராட் ஸ்மித் ஒஹையோ ஸ்டேட் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். தம்பியும் அங்கேதான் போவார் என்று ஊரே நினைத்தது. அவர் ஃபோர்ட் வேனிலிருந்து இரண்டு மணி நேரக் கார் தூரத்தில் இருக்கும் நோட்டர் டேமைத் தேர்ந்தெடுத்தார். 2013, 2014, 2015 என்று மூன்று சீசன். முதல் வருடத்திலிருந்தே தொடக்க அணியில். கடைசி வருடம் கல்லூரி அளவிலும் பட்கஸ் விருது. பள்ளி, கல்லூரி இரண்டிலும் அதை வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

2015-ல் நோட்டர் டேம் தோற்றது இரண்டே ஆட்டம். அக்டோபரில் கொட்டும் மழையில் கிளெம்சனிடம் 24-22. நவம்பர் கடைசியில் ஸ்டான்ஃபோர்டிடம் 38-36, அதுவும் கடைசி நொடியில் உதைத்த ஃபீல்டு கோலில். இரண்டு தோல்விக்கும் சேர்த்து வித்தியாசம் மொத்தம் நாலு புள்ளி. அந்த நாலு புள்ளியால் பிளேஆஃப் கைவிட்டுப் போய், 2016 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் கிளெண்டேலில் ஃபியஸ்டா பவுல். பவுல் என்றால் சீசன் முடிந்ததும் அணிகளை அழைத்து நடத்தும் தனி ஆட்டம். எதிரணி ஒஹையோ ஸ்டேட்.

ஃபியஸ்டா என்றால் ஸ்பானிய மொழியில் கொண்டாட்டம். பெயர் கொண்டாட்டம், கிடைத்தது திண்டாட்டம்.

23 டிசம்பர், இன்னும் கொஞ்சம்

அந்த நாளைச் சொல்லாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தோம். வெளியே பனி, உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். முதல் கால்பகுதி முடியவில்லை. ஒஹையோ ஸ்டேட்டின் முன்வரிசைத் தடுப்பாளர் டெய்லர் டெக்கர் ஜெய்லனை ஒரு தள்ளு தள்ளினார். ஆட்டத் துண்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்ட நேரம். பந்தும் வேறு பக்கம். ஜெய்லன் தடுமாறி இடது காலை ஊன்றினார். முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. நடுவர் ஃபவுல் என்று கொடி வீசவில்லை.

வீட்டுக்காரரின் அம்மா, எழுபது வயது இருக்கும், சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றார். டிவியில் மறுபடி மறுபடி அதையே காட்டினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் மகனைக் கூப்பிட்டு, டிவியை மியூட்டில் போடச் சொன்னார். படம் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. அவர் கையிலிருந்த கரண்டியிலிருந்து தரையில் சொட்டியதை அவரும் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

44-28. ஒஹையோ ஸ்டேட் ஜெயித்தது. அவர்களின் எசக்கியேல் எலியட் நாலு டச்டவுன், அதாவது நாலு தடவை பந்தோடு எதிரி எல்லைக்குள் போய்ச் சேர்ந்தார். இன்னொரு கூத்து: அதே முதல் கால்பகுதியில் ஒஹையோ ஸ்டேட்டின் ஜோயி போசாவும் ஹெல்மெட்டால் இடித்ததற்காக வெளியேற்றப்பட்டார். நாட்டின் மிகச் சிறந்த டிஃபென்ஸ் ஆட்கள் இருவரைப் பார்க்க டிக்கெட் வாங்கியவன் கால் மணி நேரம்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

24 டிசம்பர்

திருத்தம். பள்ளி, கல்லூரி இரண்டிலும் பட்கஸ் வாங்கிய முதல் ஆள் ஜெய்லன் என்று நேற்று எழுதியது தப்பு. மான்டை டெயோ 2008-ல் பள்ளியிலும் 2012-ல் கல்லூரியிலும் வாங்கிவிட்டார். அவரும் நோட்டர் டேம்தான். ஜெய்லன் இரண்டாவது. சுட்டிக்காட்டிய டெட்ராய்ட் நண்பருக்கு நன்றி. "ஊர்ப்பாசம் கண்ணை மறைக்குது" என்று கூடவே எழுதியது தேவையில்லை, இருந்தாலும் உண்மை.

25 டிசம்பர்

லீவு நாள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எல்லோரும் ஜவ்வைப் பற்றியே பேசுகிறீர்கள். முன்பக்க ஜவ்வும் வெளிப்பக்க ஜவ்வும் கிழிந்தன, உண்மை. ஆனால் ஜவ்வு கிழிந்து ஒன்பது மாதத்தில், ஒரு வருடத்தில் திரும்பி வந்து ஆடியவர்கள் ஏராளம். அதற்கு ஒரு காலண்டர் இருக்கிறது: இத்தனையாவது வாரம் சைக்கிள், இத்தனையாவது மாதம் ஓட்டம். ஜெய்லனைக் கவிழ்த்தது அது இல்லை. முழங்காலின் வெளிப்பக்கமாகக் கீழே இறங்கும் பெரோனியல் நரம்பு இழுபட்டுப் போனது. பாதத்தை மேலே தூக்கச் சொல்லும் நரம்பு அது. அது வேலைநிறுத்தம் செய்தால் பாதம் தொங்கும். நடக்கும்போது விரல்நுனி தரையில் தேய்க்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2019-ல் லீவுக்கு மதுரை போயிருந்தபோது மாடிப்படியில் வழுக்கிக் கீழ்க்கால் எலும்பில் விரிசல். ஒரு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டின் மேல் விளிம்பு முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தெரியும் அந்த எலும்பு முண்டில் அழுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்சம் மதமதப்பாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன். "கட்டுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஆறு வாரம் கழித்து வெட்டி எடுத்தால் எலும்பு பிரமாதமாகக் கூடியிருந்தது. பாதம் தூக்க வரவில்லை.

ஒரு காலைத் தூக்கிப் போடுவது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடப்பேன். பாதி வழியில் எதிரே வருபவர் "அண்ணே, செருப்பு" என்பார். திரும்பிப் பார்த்தால் பத்தடி பின்னால் கிடக்கும். கழன்றதே தெரியாது. பாதத்தின் மேல்தோலில் உணர்ச்சி இருந்தால்தானே தெரிவதற்கு. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் விரல் இடிக்கும். அதைத் தவிர்க்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி நடப்பேன். அக்கா மகன் "மாமா குதிரை மாதிரி நடக்குறாரு" என்றான். அவனுக்கு ஐந்து வயது, மன்னித்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாள் ஆகும். "நரம்புக்கு நாள் குறிக்க முடியாதுங்க, மூணு மாசம் பார்ப்போம்" என்றார். மூன்று மாதம் ஆனதும் இன்னொரு மூன்று மாதம் என்றார். அறுந்த இடத்திலிருந்து நரம்பு முளைத்து வளர்ந்தால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஒரு சாண் போக ஏழெட்டு மாதம். எனக்கு வெறும் அழுத்தம்தான், அறுபடவில்லை. ஆகவே கணக்கு அவ்வளவு கொடுமை இல்லை. பிசியோ தினமும் கரண்ட் வைப்பார். அம்மா சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து எண்ணெய் தடவுவார். இரண்டில் எது வேலை செய்தது என்று இன்றுவரை வீட்டில் சண்டை.

நாலரை மாதம். திண்ணையில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருக்கிறேன். அம்மா எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "கால்ல ஈ உக்காந்துச்சா?" என்றார். இல்லையே என்றேன். "பெருவிரல் ஆட்டுனியே." நான் ஆட்டியது எனக்கே தெரியவில்லை. மறுபடி முயன்றேன், வரவில்லை. பத்தாவது தடவை ஒரு நூலளவு அசைந்தது. அம்மா கீரையைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அழுதிருப்பார். கேட்கவில்லை.

சரி, ஜெய்லன். அவர் 20 வயதில், நாடே பார்க்க, முப்பது சொச்சம் அணிகளின் டாக்டர்கள் அந்தப் பெருவிரலை மாறி மாறிச் சோதிக்க, இதே காத்திருப்பில் இருந்தார். டிராஃப்டுக்கு முன்னால் நாலு மாதம்கூட இல்லை. நரம்புக்கு அது எங்கே தெரியும்?

26 டிசம்பர்

நேற்றைய பதிவுக்கு வந்த விசாரிப்புகளுக்கு நன்றி. கால் இப்போது நன்றாக இருக்கிறது. பெருவிரல் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. எண்ணெயின் பெயர் கேட்டவர்களுக்கு: சாதாரண நல்லெண்ணெய். தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள்.

26 டிசம்பர், மாலை

"இன்சூரன்ஸ் பணம் கிடைத்ததே, பிறகென்ன அழுகை" என்கிறார் ஒருவர். கிடைத்தது. இந்த மாதிரி ஆட்டக்காரர்களுக்கு இரண்டு வகைப் பாலிசி உண்டு. ஒன்று, இனிமேல் ஆடவே முடியாது என்றால். இன்னொன்று மதிப்பிழப்பு: டிராஃப்டில் எதிர்பார்த்த இடத்திலிருந்து இறங்கினால் இறக்கத்துக்கு ஏற்பக் காசு. ஓரிகன் கல்லூரியின் இஃபோ எக்ப்ரே ஒலோமு என்ற கார்னர்பேக்குக்கு (பின்வரிசைத் தடுப்பாளர்) 2014 டிசம்பரில் பயிற்சியில் முழங்கால் போய், டிராஃப்டில் ஏழாவது சுற்றுவரை விழுந்தார். அவருக்கு 30 லட்சம் டாலர் வந்தது.

ஜெய்லனின் பாலிசி 50 லட்சம் டாலருக்கு. டல்லஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை இரண்டாம் சுற்றில் 34-வதாக எடுத்தது. ஏழாம் சுற்று அளவுக்கு விழாததால் கிடைத்தது சுமார் 9 லட்சம் டாலர் என்று செய்திகளில் வந்தது. இப்போது மறுபக்கம். அதே வருடம் அதே டல்லஸ் நாலாவதாக எடுத்தது யாரை? ஃபியஸ்டா பவுலில் நாலு டச்டவுன் போட்ட அதே எலியட்டை. அவருக்கு நாலு வருட ஒப்பந்தம் சுமார் 2.5 கோடி டாலர். ஜெய்லனுக்குச் சுமார் 65 லட்சம். இடைவெளி 1.8 கோடிக்கு மேல். அதில் 9 லட்சம் என்பது இருபதில் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த ஆட்டத்தில் ஆடியதற்கு அவருக்குச் சம்பளம் எவ்வளவு? சுழியம். பவுல் ஆட்டத்துக்கு வரும் மாணவர்களுக்கு ஏற்பாட்டாளர்கள் தரும் பரிசுப்பைக்கு அப்போது உச்சவரம்பு 550 டாலர். ஹெட்ஃபோன், வாட்ச், தொப்பி மாதிரி சாமான்கள்.

27 டிசம்பர்

இன்னொரு கோணம், சுருக்கமாக. உட்கார்ந்திருந்தால் கால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு மைல்ஸ் ஜாக். யுசிஎல்ஏ கல்லூரி, அவரும் லைன்பேக்கர், அதே வருட டிராஃப்ட், அவரும் முதல் ஐந்துக்குள் என்று பேசப்பட்டவர். 2015 செப்டம்பரில் பயிற்சியில் முழங்கால் சவ்வு கிழிந்து சீசன் முடிந்தது. கல்லூரியை விட்டு விலகி டிராஃப்டுக்குத் தயாரானார். ஜாக்சன்வில் எடுத்தது 36-வது இடத்தில். ஒருவர் புத்தாண்டு ஆட்டத்தில் விழுந்தார், ஒருவர் பயிற்சி மைதானத்தில் விழுந்தார். டிராஃப்டில் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்.

29 டிசம்பர்

நேற்று முழுக்க என்னை ஒரு கேள்வி குடைந்தது. கேட்டது ஹூஸ்டன் அக்கா: "உங்க பையன் அந்த இடத்துல இருந்தா என்ன சொல்வீங்க?"

என் பையன் பதினோராம் வகுப்பு. செஸ் ஆடுகிறான், அதிகபட்ச ஆபத்து கழுத்துப் பிடிப்பு. ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், இறங்காதே என்றுதான் சொல்வேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வேன். அப்படியானால் முதல் நாள் இரவு நான் போட்ட "முட்டாள்தனம் இல்லை" என்ன கணக்கு? ஊரான் வீட்டுப் பையன் என்றால் வீரம், நம் பையன் என்றால் விவேகமா?

இதற்குப் பதில் தேடிப் பழைய செய்திகளைப் புரட்டினேன். நல்ல காலோடு இருக்கும் ஒரு நட்சத்திர ஆட்டக்காரர், டிராஃப்டை மனதில் வைத்து, "பவுல் ஆட்டத்துக்கு நான் வரவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி அது பெரிய விவாதமானது 2016 டிசம்பரில். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி சன் பவுலுக்கு வரவில்லை. எல்எஸ்யூ கல்லூரியின் லெனர்ட் ஃபோர்னெட் சிட்ரஸ் பவுலுக்கு வரவில்லை, அவருக்குக் கணுக்கால் தொந்தரவும் இருந்தது. அன்று அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று திட்டாத டிவி விமர்சகர் குறைவு. அப்போது எல்லோர் வாயிலும் அடிபட்ட பெயர் ஜெய்லன் ஸ்மித். "அவனுக்கு நடந்ததைப் பார்த்தீர்களா இல்லையா" என்பதுதான் அவர்கள் தரப்பு வாதமே.

அதாவது, ஜெய்லன் விழுந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. 2016 டிசம்பரில் திறந்த கதவு வழியாக 2016 ஜனவரியில் ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்கிறோம். அன்று அவர் போகாமல் இருந்திருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும்? மூன்று சீசன் தொடர்ந்து ஆடியவர், ஃபோர்ட் வேன் பையன், ஒஹையோ ஸ்டேட்டைக் கண்டு பயந்து ஓடினார் என்றிருப்பார்கள். அந்தப் பேச்சு டிராஃப்ட் அறைக்குள்ளும் போயிருக்கும்.

ஆகவே முதல் வரியை இப்படித் திருத்துகிறேன்: இன்று ஒருவர் அப்படி இறங்கினால் யோசிக்கச் சொல்வேன். அன்று அது முடிவே இல்லை. முடிவெடுக்க இரண்டு வழியாவது வேண்டுமே.

30 டிசம்பர்

கேள்வி கேட்ட தம்பி, "ஜெய்லனே இப்போது வருத்தப்படுவார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. மெக்காஃப்ரி சர்ச்சை நடந்த அதே வாரங்களில் ஜெய்லன் ட்விட்டரில் எழுதினார்: இவ்வளவு பட்ட பிறகும், அந்த ஜனவரி 1-க்குத் திரும்பிப் போக முடிந்தால் மறுபடியும் ஆடுவேன். எழுதியபோது அவர் டல்லஸில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் முழு சீசன் வெளியே உட்கார்ந்திருந்தார். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் தகட்டைக் காலணிக்குள் மாட்டியிருந்த காலம்.

எனக்கு இதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு, அவர் பொய் சொன்னார் என்பதல்ல. நானும் அந்த ஐந்து மாதத்தில் யார் கேட்டாலும் "சரியாயிரும்" என்றுதான் சொன்னேன். வேறு பதில் சொன்னால் அடுத்த நாள் கரண்ட் வைக்கப் போக மனசு வராது.

31 டிசம்பர்

டல்லஸ் ஏன் துணிந்தது என்று கேட்டவருக்கு. ஜெய்லனுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் டான் கூப்பர், கவ்பாய்ஸ் அணியின் டாக்டரும்கூட. மற்ற அணிகளுக்கு ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும்தான். டல்லஸுக்கு அந்த முழங்காலைத் திறந்து நரம்பைக் கண்ணால் பார்த்தவரே பக்கத்தில் இருந்தார். சிலர் இதைச் சூதாட்டம் என்கிறார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுவதற்குப் பெயர் சூதாட்டமா?

இன்னொரு சின்ன விஷயம். அண்ணன் ராட் ஸ்மித்தும் அப்போது டல்லஸ் அணியில்தான். ஒஹையோ ஸ்டேட்டில் சேராத தம்பி கடைசியில் அண்ணனிடமே போய்ச் சேர்ந்தார்.

3 ஜனவரி 2025

புத்தாண்டு வாழ்த்தை எழுதி வைத்திருந்தேன், அனுப்ப மனம் வரவில்லை. நியூ ஆர்லியன்ஸில் புத்தாண்டன்று கூட்டத்தின் மீது வண்டி ஏற்றிய தாக்குதலால், அங்கே நடக்கவிருந்த பிளேஆஃப் காலிறுதியான சுகர் பவுலே ஒரு நாள் தள்ளிப் போனது. நேற்று நோட்டர் டேம் ஜார்ஜியாவை 23-10 என்று வென்றது. மில்ஸ் இல்லாமலே டிஃபென்ஸ் பிரமாதம்.

5 ஜனவரி

"அப்புறம் என்ன ஆனார்" என்பவர்களுக்கு, வேகமாக. 2016 முழுக்க வெளியே. அடிபட்டு ஏறக்குறைய இருபது மாதம் கழித்து, 2017 ஆகஸ்டில் களத்தில். பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிரேஸ் காலணிக்குள். அந்த சீசன் 16 ஆட்டமும் ஆடினார். பழைய வேகம் இல்லை, எதிரணி பந்து வீசும்போது பின்தங்கினார், திட்டு வாங்கினார். 2018-ல் பிரேஸ் போனது, ஓட்டம் வந்தது, நூறு தடவைக்கு மேல் எதிராளியை மடக்கினார். 2019 ஆகஸ்டில் ஐந்து வருட நீட்டிப்பு, சுமார் 6.4 கோடி டாலர் வரை. அந்த சீசனில் புரோ பவுல், அதாவது நட்சத்திர ஆட்டக்காரர்களின் ஆட்டத்துக்குத் தேர்வு. 2021-ல் சட்டை எண்களுக்கான விதி தளர்ந்ததும் டல்லஸில் போட்டிருந்த 54-ஐ விட்டுவிட்டுக் கல்லூரி எண்ணான 9-க்கு மாறினார். சீசன் தொடங்கி ஒரு மாதத்தில் அணி அவரை விடுவித்துவிட்டது. ஒன்பதாம் எண் பனியன் வாங்கிய ஃபோர்ட் வேன் நண்பர் ஒருவர் இன்றும் அதைப் போட்டுக்கொண்டு புல் வெட்டுகிறார்.

5 ஜனவரி, மறுபடி

மேலே எழுதியதை வாசித்தால் சுபம் போட்ட படம் மாதிரி இருக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015-ல் நான் பார்த்த ஜெய்லன், குறுக்கே பாயும் ஆளை எதிர்த் திசையிலிருந்து புறப்பட்டுப் பிடிப்பவர். டல்லஸில் நல்ல லைன்பேக்கரைப் பார்த்தேன். அந்த ஆளை மறுபடி பார்க்கவில்லை. 2018-ல் ஓரிரு ஆட்டங்களில் நிழல் தெரிந்தது. இது என் கண். டல்லஸ் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

6 ஜனவரி

வந்துவிட்டார்கள். 2018 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸை 13-10 என்று அடக்கிய ஆட்டத்தை நினைவுபடுத்தியிருக்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன், அன்று பார்த்தது நிழல் இல்லை.

10 ஜனவரி

பிளேஆஃப் அரையிறுதியான ஆரஞ்சு பவுல்: நோட்டர் டேம் 27, பென் ஸ்டேட் 24. இறுதி ஆட்டம் 20-ம் தேதி அட்லாண்டாவில். எதிரணி யார் என்று இன்று இரவு தெரியும்.

11 ஜனவரி

ஒஹையோ ஸ்டேட். வேறு யார்?

12 ஜனவரி

ஒரு நண்பர் 2003 ஜனவரி ஃபியஸ்டா பவுலை நினைவுபடுத்தினார். அதுவும் ஒஹையோ ஸ்டேட்தான். மயாமியின் வில்லிஸ் மெக்கஹி முழங்காலில் மூன்று ஜவ்வு கிழிந்து விழுந்த ஆட்டம். அது தேசியக் கோப்பைக்கான இறுதி ஆட்டம். அவர் இறங்கியதை யாரும் முட்டாள்தனம் என்று சொன்னதில்லை. ஜவ்வுக்கு என்ன தெரியும், கோப்பை இருக்கிறதா இல்லையா என்று. பஃபலோ அணி அவரை அந்த வருடமே முதல் சுற்றில் 23-வதாக எடுத்தது. நரம்பு தப்பியது.

21 ஜனவரி

34-23. தோற்றோம். மூன்றாம் கால்பகுதிக்குள் 31-7 என்று ஆனபோதே தெரிந்துவிட்டது, பிறகு துரத்தியது வீம்புக்கு.

ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனித்தேன். 2021 ஜூலையிலிருந்து இந்தப் பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். களத்தில் ஓடும் பலர் விளம்பரத்திலும் வருகிறார்கள். ஒன்பது வருடம் முன்னால் 550 டாலர் பரிசுப்பை. நான் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை, இருந்தாலும் அந்தப் பை கண்ணை விட்டுப் போகவில்லை.

27 ஏப்ரல்

தூசி தட்டி எழுப்புகிறேன். டிராஃப்ட் முடிந்தது. இந்த இழையைத் தொடங்கிவைத்த ரைலி மில்ஸை சியாட்டில் ஐந்தாம் சுற்றில் எடுத்திருக்கிறது. கேள்வி கேட்ட தம்பிக்கு மட்டும் இந்தத் தகவல். நீங்கள் மார்ச்சில் தனிச்செய்தியில் "பிளேஆஃப் என்றாலும் இறங்கியிருக்கக் கூடாதோ" என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

28 ஏப்ரல்

அப்பாவுக்கு முதுகுத் தட்டு ஆபரேஷனுக்குப் பிறகு பாதம் தொங்குகிறது, டாக்டர் தகடு எழுதிக் கொடுத்திருக்கிறார், ஷூ எப்படி வாங்குவது என்று கேட்ட சேலம் நண்பருக்கு:

தகட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிது. லேஸ் வைத்தது, வாய் அகலமாகத் திறப்பது. தகடு போகும் காலில் ஷூவுக்குள் இருக்கும் மெத்தையை எடுத்துவிடுங்கள், மற்ற காலில் அப்படியே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் உயரமாகி இடுப்பு வலிக்கும். முழங்கால் வரை ஏறும் மெல்லிய காட்டன் சாக்ஸ் போட்ட பிறகுதான் தகடு. சாயங்காலம் கழற்றியதும் தோலில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள், அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் செருப்பு வேண்டாம்.